ஐரிஷ் பெண்ணின் ராத்திரி டியூட்டி: மனநோய்க் காப்பக வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் வாழ்க்கை வரலாறு அல்ல. ஏறக்குறைய 1870 முதல் 1905 வரை, அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூயார்க் மாநிலங்களின் பெரிய மனநோய்க் காப்பகங்களில் ராத்திரி வேலை பார்த்த பெண்களைப் பற்றியது. அவர்களுடைய அக்கா தங்கைகள் இங்கிலாந்துக் காப்பகங்களுக்கும் போனார்கள் என்பதால் இங்கிலாந்தும் இடையிடையே வரும்.

அயர்லாந்திலிருந்து ஏன் இவ்வளவு பெண்கள்?

நிலம்தான் காரணம். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டை விட்டும் போனார்கள். அதுவரை பிள்ளைகளுக்கெல்லாம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவந்த நிலத்தை, அப்புறம் பிரிக்கத் துணிந்தவர்கள் குறைவு. ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், அத்தோடு சரி. வீட்டில் ஆறு பிள்ளைகள் என்றால் மீதி நாலு பேரின் கதி என்ன? அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாகக் காலம் தள்ளலாம், இல்லாவிட்டால் கப்பல்.

1885-க்கும் 1920-க்கும் இடையில் ஏறக்குறைய 7 லட்சம் இளம்பெண்கள், பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள், அப்படிக் கிளம்பினார்கள். மற்ற நாடுகளில் ஆண் முன்னால் போய், பெண்டாட்டி பிள்ளைகளைப் பிறகு அழைத்துக்கொள்வது வழக்கம். இங்கே அக்கா போய்த் தங்கைக்கு டிக்கெட் அனுப்பினார், தங்கை போய் அடுத்த தங்கைக்கு அனுப்பினார். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் ஆளாகப் பதிவானவரே கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர் என்ற 17 வயதுப் பெண்தான். கையில் இரண்டு தம்பிகளையும் பிடித்துக்கொண்டு வந்திறங்கினார்.

எல்லோரும் வீட்டுவேலைக்குத்தானே போனார்கள்? காப்பகத்துக்கு எப்படி வந்தார்கள்?

முதலில் வீட்டுவேலைதான். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வீட்டுவேலைக்காரி என்றாலே 'பிரிட்ஜெட்' என்ற ஐரிஷ் பெண் பெயரால் கூப்பிடும் அளவுக்கு அது ஐரிஷ் பெண்களின் வேலையாகிப் போனது. ஆனால் ஒரு வீட்டில் ஒரே வேலைக்காரியாக இருப்பது ஒருவகைத் தனிச்சிறை. எஜமானியின் மணி எப்போது அடித்தாலும் ஓட வேண்டும், பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

காப்பகத்தில் மாதச் சம்பளம் உறுதி. சாப்பாடு, படுக்கை, துணி துவைப்பு எல்லாம் அங்கேயே. கூட வேலை செய்ய இருபது முப்பது பெண்கள், அதில் பாதிப் பேர் தன் சொந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர்கள். மற்றொரு பக்கம், இந்த வேலைக்கு வேறு யாரும் எளிதில் வரவில்லை. வந்தவர்களில் நிறையப் பேர் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் ஓடினார்கள். ஆள் நிற்பதில்லை என்று புலம்பாத கண்காணிப்பாளர் (காப்பகத்தின் தலைமை மருத்துவர்) அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். எப்போதும் காலியிடம் இருக்கும் வேலைக்கு, நேற்றுத்தான் வந்திறங்கியவர் போய்ச் சேர்வதில் ஆச்சரியமில்லை.

சம்பளம் எவ்வளவு?

பெண்களுக்கு மாதம் ஏறக்குறைய 12 முதல் 20 டாலர். அதே வேலைக்கு ஆண்களுக்கு அதைவிட அதிகம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

'அட்டெண்டன்ட்' என்றால் நர்ஸா, ஆயாவா?

இரண்டும்தான், அதோடு கொஞ்சம் ஜெயில் வார்டனும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது, தரை தேய்ப்பது, மருந்து கொடுப்பது, கதவு பூட்டுவது, சண்டை விலக்குவது என எல்லாம் ஒரே ஆள். பயிற்சி என்று எதுவும் கிடையாது. சாவிக்கொத்தும் விதிகள் அச்சடித்த சிறு புத்தகமும் கொடுத்து வார்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். சாவியைத் தொலைத்தால் வேலை போகும் என்பது முதல் நாளே காதில் விழும் பாடம்.

இதுவே முன்னேற்றம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவுக் காப்பகம் 1839-இல் திறந்தபோது, பக்கத்துச் சிறையிலிருந்த கைதிகளையே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள விட்டார்கள். 1882-இல்தான் மாசசூசெட்ஸின் மக்லீன் மருத்துவமனை, மனநோயாளிகளைப் பராமரிக்கிறவர்களுக்கென ஒரு நர்ஸிங் பள்ளியைத் தொடங்கியது. அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில் அதுவே முதல் பள்ளி. பிரிட்டனில் 1885-இல் அட்டெண்டன்ட்களுக்கு ஒரு கையேடு வந்தது. அட்டை சிவப்பு என்பதால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ராத்திரி வேலை எப்படி இருக்கும்?

முதலில் கட்டிடத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடு வகுத்த திட்டப்படி கட்டியவை இவற்றில் பல. நடுவில் அலுவலகம், இரண்டு பக்கமும் படிப்படியாகப் பின்வாங்கும் சிறகுகள், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். அமைதியான நோயாளிகள் நடுக்கட்டிடத்துக்கு அருகில் இருப்பார்கள். கத்துகிறவர்கள், அடிக்கிறவர்கள் கடைசிச் சிறகில். அதாவது, ஆபத்து எங்கே அதிகமோ அந்த இடம் டாக்டரின் அறையிலிருந்து மிகத் தொலைவில். பகலில் இது நல்ல ஏற்பாடு. ராத்திரியில் அப்படியல்ல.

ஒரு காப்பகத்தில் 250 பேருக்கு மேல் கூடாது என்று கண்காணிப்பாளர்களின் சங்கம் 1851-இல் சொன்னது. 1866-இல் அதையே 600 ஆக்கிக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையில் 1869-இல் திறந்த வில்லார்டு காப்பகத்தில் 1877 வாக்கில் சுமார் 1,500 பேர் இருந்தார்கள். நோயாளிகள் பெருகிய வேகத்தில் ராத்திரி ஆட்கள் பெருகவில்லை. பல இடங்களில் பகல் அட்டெண்டன்ட்கள் வார்டை ஒட்டிய சிறிய அறையில் படுத்துக்கொள்வார்கள். விழித்துக்கொண்டு சுற்றி வருவது ஒருத்தியோ இரண்டு பேரோதான், அதுவும் பெண்கள் பக்கம் முழுவதற்கும்.

அவருடைய வேலை மாலை எட்டு மணி வாக்கில் தொடங்கும். காலடி கேட்காமல் இருக்க மெத்தென்ற துணிச் செருப்பு. கண்ணில் அடிக்காதபடி மறைப்பு வைத்த விளக்கு. கதவில் உள்ள சிறிய துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். மூச்சு சீராக வருகிறதா? கட்டில் கிரீச்சிடுகிறதா? ஜன்னல் பக்கம் துணி கிழியும் சத்தமா அது?

மூன்று வகை நோயாளிகள்தான் ராத்திரியின் பாரம். முதலாவது வலிப்பு உள்ளவர்கள். தூக்கத்தில் வலிப்பு வந்து குப்புறப் புரண்டால் தலையணையிலேயே மூச்சு முட்டிச் செத்துப் போவார்கள். சத்தமே வராது. இரண்டாவது தற்கொலை எண்ணம் உள்ளவர்கள். அவர்கள் விடியும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் காவலிருப்பவருக்குக் கண் சொக்கும். மூன்றாவது படுக்கையை நனைக்கிறவர்கள். இவர்களைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். தவறினால் துடைத்து, விரிப்பு மாற்ற வேண்டும். கனமான, ஈரமான வைக்கோல் மெத்தையைத் தனி ஆளாகப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த முதுகுவலி தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் ராத்திரிப் புத்தகம் எழுத வேண்டும். யார் எத்தனை மணி நேரம் தூங்கினார், யாருக்கு எத்தனை தடவை வலிப்பு வந்தது, எத்தனை படுக்கை நனைந்தது, யாருக்கு எந்த மருந்து. காலையில் டாக்டர் படிப்பது இதைத்தான். வலிப்பு நோயாளிகளைப் பற்றி அந்தக் கால மருத்துவர்கள் போட்ட புள்ளிவிவரங்களில் ஒரு நல்ல பங்கு, அரைத் தூக்கத்தில் விளக்கொளியில் எழுதிய இந்த வரிகளிலிருந்து வந்தது. அட்டவணைக்குக் கீழே டாக்டரின் பெயர் இருக்கும்.

காலை ஆறு மணி வாக்கில் ஒப்படைத்துவிட்டு, அதே கட்டிடத்தில், பகல் இரைச்சலுக்கு நடுவில் தூங்கப் போவார்.

சுற்றி வந்தாரா, தூங்கிவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அதற்கென்றே ஒரு கடிகாரம் இருந்தது. ஆங்கிலத்தில் 'டெல்-டேல் க்ளாக்'. 'கோள்சொல்லிக் கடிகாரம்' என்று மொழிபெயர்த்தால் ரொம்பவே பொருந்தும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கடிகாரத்தை அட்டெண்டன்ட் தோளில் மாட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு வார்டின் கோடியிலும் சுவரில் சங்கிலியால் கட்டிய ஒரு சாவி. அதை எடுத்துக் கடிகாரத்துக்குள் விட்டுத் திருகினால், உள்ளே சுழலும் காகிதத் தட்டில் அந்த இடத்துக்கே உரிய ஒரு குறி விழும். சாவிக்குச் சாவி குறி வேறு. கடிகாரத்தைத் திறக்கும் சாவி மேலதிகாரியிடம். காலையில் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், ராத்திரி 2 மணிக்கு எந்த வார்டில் நின்றார், 3 மணிக்கு எந்த இடத்தைத் தவறவிட்டார் என்பது அப்படியே தெரியும். ஏமாற்ற வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு, அதைத் தடுக்கப் புதுப்புது மாதிரிக் கடிகாரங்களும் வந்துகொண்டே இருந்தன. பிறகு மின்கம்பி வைத்த மாதிரிகளும் வந்தன. சுவரில் பொத்தானை அழுத்தினால் அலுவலகத்தில் குறி விழும்.

இந்தக் கடிகாரம்தான் அந்த வேலையின் உண்மையான முகம் என்பது என் எண்ணம். நோயாளி மூச்சு விடுகிறாரா என்று அது பார்க்காது. அட்டெண்டன்ட் அந்தச் சுவருக்கு வந்தாரா என்பதை மட்டும் பார்க்கும். வலிப்பு வந்தவரை நிமிர்த்திப் படுக்கவைத்து, அவர் கண் திறக்கும்வரை பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அடுத்த குறி தாமதமாகும். விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். உள்ளே எட்டிப் பார்க்காமல் சாவியை மட்டும் திருகிக்கொண்டு போனவரின் காகிதமோ பளிச்சென்று இருக்கும். முந்நூறு உயிரை ஒருத்தியை நம்பி ஒப்படைக்கிறார்கள், ஆனால் அந்த ஒருத்தியை நம்புவதில்லை.

நோயாளிகளைத் தூங்கவைக்க மருந்து இருந்ததா?

இருந்தது. 1869-இல் குளோரல் ஹைட்ரேட் தூக்கமருந்தாக வந்தது. வந்த வேகத்தில் காப்பகங்கள் அதை அள்ளிக்கொண்டன. புரோமைடு வலிப்புக்கும் படபடப்புக்கும். 1882-இல் பாரால்டிஹைடு. இதன் நாற்றம் மூச்சில் கலந்து வரும், கொடுத்தவர் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி மருந்து கொடுக்கச் சொல்லி எழுதிவைப்பது டாக்டர், அளந்து ஊற்றி விழுங்கவைப்பது இவர். முரண்டு பிடிக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது என்பது எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

கட்டிப்போடுவார்களாமே?

ஆமாம். கைகளை மடக்கிக் கட்டும் நீளக்கைச் சட்டை, தோல் கையுறை, தனியறைப் பூட்டு எல்லாம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் யூடிகா காப்பகத்தில், மூடி போட்ட கம்பித் தொட்டில் போல ஒரு கட்டில் வைத்திருந்தார்கள். படுக்கவைத்து மேலே மூடியைப் பூட்டிவிடுவார்கள். 'யூடிகா தொட்டில்' என்றே அதற்குப் பெயர். இங்கிலாந்தில் ஹான்வெல் காப்பகத்தின் ஜான் கானலி 1839-லேயே இப்படிப்பட்ட கருவிகளைத் தூக்கியெறிந்திருந்தார். அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் கருவி அதிகமாகும், அதிலும் ராத்திரியில் இன்னும் அதிகமாகும். கொள்கை விவாதம் எதுவாக இருந்தாலும் கணக்கு இதுதான்.

இந்தப் பெண்கள் கொடுமைக்காரிகள் என்று படித்திருக்கிறேனே?

நெல்லி பிளை எழுதியதன் தாக்கமாக இருக்கலாம். 1887-இல் இந்தப் பெண் நிருபர் மனநோயாளியாக நடித்து பிளாக்வெல்ஸ் தீவுக் காப்பகத்துக்குள் 10 நாள் இருந்துவிட்டு, 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் எழுதினார். அடி, பச்சைத்தண்ணீர்க் குளியல், ஏளனம் எல்லாவற்றையும் எழுதினார். நகரம் அதிர்ந்தது, காப்பகங்களுக்கு ஒதுக்கும் பணமும் கூடியது.

அவர் எழுதியதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அடித்தவர்கள் இருந்தார்கள். அதை இல்லை என்று சொல்லி இந்தப் பெண்களைத் தேவதைகளாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 14 மணி நேரப் பகல் வேலை, பயிற்சி இல்லை, வார்டில் கட்டில் எண்ணிக்கையைவிட நோயாளி எண்ணிக்கை அதிகம் என்ற நிலையை உருவாக்கியவர்கள் ஒருநாளும் வார்டில் ராத்திரி தங்கியதில்லை. விசாரணை வந்தால் வேலையை விட்டுத் துரத்தப்படுவது அட்டெண்டன்ட். துரத்திய இடத்துக்கு மறுவாரமே அதே சம்பளத்தில் இன்னொருத்தி வருவார்.

நோயாளிகளிலும் ஐரிஷ்காரர்கள் இருந்தார்களா?

ஏராளமாக. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநோயாளிகளை எண்ணச் சொல்லி நியமிக்கப்பட்ட டாக்டர் எட்வர்ட் ஜார்விஸ், 1855-இல் கொடுத்த அறிக்கையில் 2,632 பேரைக் கணக்கில் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள், அதிலும் ஏழை ஐரிஷ்காரர்கள், மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருப்பதை அவர் பெரிய பிரச்சினையாக எழுதினார். இனத்தின் கோளாறு என்று சொன்ன மருத்துவர்கள் உண்டு. பஞ்சம், கப்பல், வறுமை, தனிமை என்று பட்டியல் போட்டால் இனத்தைத் தேட வேண்டிய அவசியமே வராது.

இதில்தான் ராத்திரி வேலையின் ஒரு விசித்திரம் இருக்கிறது. பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவரும் இந்தப்பக்கம் சாவியோடு நிற்பவரும் ஒரே மாவட்டத்திலிருந்து, சில வருட இடைவெளியில், ஒரே துறைமுகம் வழியாக வந்தவர்களாக இருக்கலாம். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்த பழைய தலைமுறையில் ஐரிஷ் மொழி மட்டும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். நடுராத்திரியில் அந்த மொழியில் புலம்பினால், ஹார்வர்டில் படித்த டாக்டருக்கு அது உளறல். அந்த மொழி தெரிந்த அட்டெண்டன்டுக்கு அது ஜெபமாலை.

தீப்பிடித்தால்?

அதுதான் எல்லோருடைய பயமும். பிளாக்வெல்ஸ் தீவில் ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகப் பூட்டுவதைப் பார்த்த நெல்லி பிளை, தீப்பிடித்தால் அத்தனை கதவையும் யார் ஓடி ஓடித் திறப்பது என்று கேட்டார். ஒரே திருகில் ஒரு வரிசைக் கதவு முழுவதும் திறக்கும் பூட்டு வைக்கலாமே என்றும் சொன்னார்.

1903 ஜனவரி 27 அன்று விடியற்காலையில், லண்டனின் கோல்னி ஹாட்ச் காப்பகத்தில், பெண் நோயாளிகள் இருந்த தற்காலிக மரக்கட்டிடம் எரிந்தது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 1942 டிசம்பர் 8 ராத்திரி நியூசிலாந்தின் சீக்லிஃப் மருத்துவமனையில் ஒரு பெண்கள் வார்டு எரிந்தபோது, உள்ளே இருந்த 39 பேரில் 37 பேர் செத்தார்கள். போர்க்கால ஆள் பற்றாக்குறையால் அந்த வார்டில் ராத்திரி ஆளே இல்லை. மணிக்கு ஒரு தடவை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

வெளியே போகலாமா, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா?

வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும், குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். கல்யாணம் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது என்று அர்த்தம். கணவன் மனைவியாகச் சேர்த்து வேலைக்கு வைத்த காப்பகங்கள் சில உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போகும்: நில வாடகைக்கு, அடுத்த தங்கையின் டிக்கெட்டுக்கு. மிச்சம் சேமிப்பு வங்கிக்கு. நியூயார்க்கில் 1850-இல் ஐரிஷ் குடியேறிகளுக்காகவே தொடங்கிய எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி அதில் பெயர் பெற்றது. தாங்கள் வேலைபார்த்த இடத்திலேயே காசநோயும் டைபாய்டும் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

யாருமே எதிர்த்துப் போராடவில்லையா?

போராடினார்கள், ஆனால் அட்லாண்டிக் கடலுக்கு மறுபக்கம், இங்கிலாந்திலும் அயர்லாந்திலும்தான் அது பெரிதாக வெடித்தது. இங்கிலாந்தில் காப்பகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1910-இல் உருவானது. அயர்லாந்தின் மொனகன் காப்பகத்தில் வாரத்துக்கு 93 மணி நேரம் வேலை. பணி முடிந்தாலும் வளாகத்தை விட்டு வெளியே போக முடியாது. 1919-இன் தொடக்கத்தில் பியதர் ஓடானல் என்ற தொழிற்சங்கக்காரரோடு சேர்ந்து ஊழியர்கள் காப்பகத்தையே கைப்பற்றி, கூரையில் செங்கொடி ஏற்றி, அதை 'சோவியத்' (தொழிலாளர்களே ஆளும் மன்றம்) என்று அறிவித்தார்கள். ஆயுதம் தாங்கிய போலீஸ் சூழ்ந்தது. கடைசியில் 56 மணி நேர வாரமும் சம்பள உயர்வும் கிடைத்தன.

1922-இல் இங்கிலாந்தின் ராட்கிளிஃப் காப்பகத்தில் முடிவு வேறு. சம்பளத்தைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்டியதை எதிர்த்துப் பெண் ஊழியர்கள் வார்டுக்குள்ளேயே தடுப்பு வைத்து அடைத்துக்கொண்டார்கள். போலீஸ் உடைத்துக்கொண்டு நுழைந்தபோது, நோயாளிகளும் அவர்கள் பக்கம் நின்று மல்லுக்கு நின்றார்கள். வேலை போனது போனதுதான். என்றாலும் நோயாளிகள் யார் பக்கம் நின்றார்கள் என்பதை, கொடுமைக்காரிகள் என்ற கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த வழக்கம் எப்போது முடிந்தது?

முடியவில்லை, திசை மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரிஷ் பெண்கள் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கு அலையலையாகப் போனார்கள். 1971 வாக்கில் பிரிட்டனின் நர்ஸ்களில் சுமார் 12 சதவீதம் அயர்லாந்துக்காரர்கள். அவர்களோடு கரீபியத் தீவுகள், மொரிஷியஸ், மலேசியா நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து அதே மனநோய் மருத்துவமனைகளின் ராத்திரி வார்டுகளை நிரப்பினார்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் "எங்க அத்தை லண்டன்ல நர்ஸ்" என்று சொல்பவர்கள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கட்டிடங்கள் இப்போது இருக்கின்றனவா?

வில்லார்டு 1995-இல் மூடப்பட்டபோது, மேல்தளத்தில் நோயாளிகள் கொண்டுவந்த சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் காப்பகம் 1992-இல் மூடப்பட்டு, பெரும்பகுதி இடிக்கப்பட்டது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பிளாக்வெல்ஸ் தீவுக்கு இப்போது ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர். காப்பகத்தின் எண்கோண நடுக்கூடம் இன்னும் நிற்கிறது. அதுவும் இப்போது வாடகைக் குடியிருப்பின் நுழைவாயில்தான், ராத்திரியில் வாசலில் ஒரு காவலாளி இருப்பார்.